வீட்டுக்காரர் சி-யாகவே இருக்கட்டும்

மென்பொருள் எழுதுகிறவர்கள் நடுவே ஒரு தீர்ப்பு பல ஆண்டுகளாகச் செல்லுபடியாகிறது. “சி நிரலுக்குள் ஸ்கிரிப்ட் மொழியின் இன்டர்பிரெட்டரைக் கொண்டுபோய் வைக்காதே. நிரலைப் பைத்தானில் எழுது. வேகம் வேண்டிய துண்டை மட்டும் சி-யில் எழுதி, பைத்தான் கூப்பிடும்படி வை.” முதலாவதை உட்பதித்தல் என்றும் இரண்டாவதை விரிவாக்கல் என்றும் சொல்வார்கள். விரிவாக்கல்தான் முறை, உட்பதித்தல் வீண் தொல்லை என்பது இன்று கேள்வி கேட்காமல் ஒப்புக்கொள்ளப்படுகிறது. மாற்றிப் பேசுகிற இளைஞரை அனுபவம் போதாதவர் என்று ஓரங்கட்டிவிடுகிறார்கள்.

எல்லா இடத்திலும் இந்தத் தீர்ப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் தரவுகளை அலசுகிறவருக்கு அது சரி. நம்பை போன்ற சி அடித்தளம் கொண்ட லைப்ரரிகளைப் பைத்தானிலிருந்து கூப்பிடுவதைவிட அவருக்கு வசதியான வழி கிடையாது. ஆனால் ஓயாமல் ஓடவேண்டிய இயந்திரத்துக்கும் சர்வருக்கும் அதே தீர்ப்பைப் படித்தால் அது தவறு. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் கூலாயின் பிழைப்பு இப்போது அந்த இரண்டையும் நம்பித்தான் நடக்கிறது.

கூலாய் யங் எஸ்டேட் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலம். அந்த 664 ஹெக்டேரில்தான் ஒய்டிஎல் நிறுவனத்தின் பசுமைத் தரவு மையப் பூங்கா எழுகிறது. திட்டமிட்ட மின்திறன் 500 மெகாவாட். 2023 டிசம்பரில் அதே நிறுவனமும் என்விடியாவும் செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்புக்காக 2,000 கோடி ரிங்கிட் திட்டத்தை அறிவித்தன. அருகிலுள்ள செடெனாக்கில் ஜொகூர் கார்ப்பரேஷனின் தொழில்நுட்பப் பூங்காவிலும் தரவு மையங்கள் வரிசையாக வருகின்றன. சாலையின் ஒரு பக்கம் குலை ஏற்றிய லோரி போகிறது, மறுபக்கம் சர்வர் பெட்டி ஏற்றிய லோரி வருகிறது. நம் பிள்ளைகள் இரண்டு பக்கமும் வேலைக்குப் போகிறார்கள்.

முதலில் சர்வர் பக்கம். எந்தக் கட்டடத்தில் எந்த வாடிக்கையாளர் எதை ஓட்டுகிறார் என்பது அவரவர் விவகாரம். ஆனால் உலகெங்கும் வலைப் போக்குவரத்தைத் தாங்கும் நிரல்கள் எவை என்பது ரகசியமில்லை. என்ஜின்எக்ஸ், ரெடிஸ், எச்ஏபிராக்சி ஆகிய மூன்றும் சி-யில் எழுதப்பட்டவை. ரெடிஸ் 2012-இல் வந்த தன் 2.6 பதிப்பிலேயே லூவா என்ற ஸ்கிரிப்ட் மொழியின் இன்டர்பிரெட்டரை உள்ளே வைத்துக்கொண்டது. எச்ஏபிராக்சி 2015-இல் 1.6 பதிப்பில் அதே லூவாவைச் சேர்த்தது. என்ஜின்எக்ஸுக்குள் லூவாவைப் பதித்து ஓப்பன்ரெஸ்டி என்றொரு தொகுப்பே உருவானது. பிறகு என்ஜின்எக்ஸ்காரர்கள் தாங்களும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் இன்டர்பிரெட்டரை எழுதி உள்ளே வைத்தார்கள். விரிவாக்கல்தான் ஒரே நல்ல வழி என்றால் ரெடிஸ் ஒரு பைத்தான் மாட்யூலாக இருந்திருக்க வேண்டும். இத்தனை கெட்டிக்காரர்கள் இத்தனை ஆண்டுகளாக ஒரே தவறைச் செய்கிறார்கள் என்று நம்புவதா? அல்லது தீர்ப்பு சொன்னவர்கள் வழக்கைச் சரியாகப் படிக்கவில்லை என்று நினைப்பதா?

வழக்கு இதுதான்: வீடு யாருடையது? விரிவாக்கலில் வீட்டுக்காரர் பைத்தான், சி அங்கே வாடகைக்கு இருக்கிறது. நிரல் எப்போது தொடங்கும், எப்போது முடியும், நினைவகத்தை யார் கேட்டு வாங்குவது, எந்த நொடியில் எந்த வேலை என்பதையெல்லாம் பைத்தான் முடிவு செய்யும். உட்பதித்தலில் இது தலைகீழ். சி வீட்டுக்காரர், லூவா ஓர் அறையில் குடியிருக்கிறது. சாவி, மின்கட்டணம், வாசல் எல்லாம் சி-யின் பொறுப்பு. ஆயிரக்கணக்கான இணைப்புகளை ஒரே சுழலில் கவனிக்கும் சர்வர், தராசின் உணரியை நொடிக்குப் பலமுறை படிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவை தங்கள் நேரத்தைப் பிறரிடம் ஒப்படைக்க முடியாத நிரல்கள். அவற்றை வாடகைக்குப் போகச் சொல்வதுதான் இந்தப் பிரபலமான அறிவுரை.

எதிர்த்தரப்பு வாதங்களில் வலுவானதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். உட்பதிப்பது கடினம், நினைவகம் கசியும், த்ரெட்டுகள் மோதும், ஒருமுறை மூடிய இன்டர்பிரெட்டரைத் திரும்பத் திறந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்கிறார்கள். பைத்தானின் வழக்கமான இன்டர்பிரெட்டரான சிபைத்தானைப் பொறுத்தவரை இது உண்மை. அதை மூடும்போது நினைவகம் முழுதாகத் திரும்பாமல் போகலாம், சில மாட்யூல்கள் இரண்டாம் முறை ஒழுங்காகத் தொடங்காமல் போகலாம் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. ஒரு செயலிக்குள் எத்தனை இன்டர்பிரெட்டர் திறந்தாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பூட்டு என்ற நிலை 2023-இல் வந்த 3.12 பதிப்பு வரை நீடித்தது. இந்த வலியை அனுபவித்தவர்கள் உட்பதித்தலே வலி என்று முடிவுகட்டிவிட்டார்கள். குடியிருக்கப் பழகாத ஒருவரை அறைக்குள் விட்டுவிட்டு, அறை வாடகைக்கு விடுவதே தப்பு என்று சொல்லலாமா?

லூவா தொடக்கத்திலிருந்தே குடியிருக்கப் பிறந்த மொழி. அதன் மூலநிரல் சுமார் 30,000 வரி சி. நிலையான லைப்ரரிகளோடு சேர்த்து லினக்ஸில் உருவாக்கினால் இன்டர்பிரெட்டர் 300 கிலோபைட்டுக்குள் அடங்கும். அதில் உலகளாவிய மாறி கிடையாது. எல்லாமே லூவா_ஸ்டேட் என்ற ஒரு கட்டமைப்புக்குள் இருக்கிறது. பத்து இன்டர்பிரெட்டர் வேண்டுமா, பத்து ஸ்டேட் திறந்தால் போதும், ஒன்றின் குப்பை இன்னொன்றில் சேராது. நினைவகம் கேட்கும்போதெல்லாம் தாய் நிரல் கொடுத்த ஃபங்ஷனைத்தான் லூவா கூப்பிடும். 64 கிலோபைட்டுக்கு மேல் கொடுக்காதே என்று அந்த ஃபங்ஷனில் எழுதிவிட்டால் அதற்கு மேல் ஒரு பைட் போகாது. இத்தனை கட்டளைகளுக்கு ஒருமுறை என்னிடம் வந்து சொல் என்று ஹூக் மாட்டலாம். முடிவில்லாச் சுழலில் சிக்கிய ஸ்கிரிப்டை அப்படியே நிறுத்தலாம். லூவா_பிகால் வழியாகக் கூப்பிட்டால் உள்ளே நடக்கும் பிழை தாய் நிரலைச் சாய்க்காது, வரி எண்ணோடு ஒரு செய்தியாகத் திரும்பி வரும். சி-க்கும் லூவாவுக்கும் நடுவே எல்லாம் ஒரு ஸ்டாக் வழியாகத்தான் போய் வரும். அதில் ஏற்றியதை எண்ணி இறக்கப் பழகிவிட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

“இதெல்லாம் எதற்கு? ஒரு கான்ஃபிக் கோப்பு வைத்தால் போதாதா?” என்பது அடுத்த வாதம். இதற்குச் செம்பனை ஆலையின் எடைமேடையே பதில் சொல்லும்.

லோரி மேடையில் ஏறுகிறது, எடை பதிவாகிறது. குலைகளைக் கொட்டிவிட்டு வெறும் லோரி திரும்ப ஏறுகிறது. கழித்தால் நிகர எடை. கணக்கு இத்தோடு முடிந்தால் கான்ஃபிக் கோப்புகூட வேண்டாம். ஆனால் குலைகளைத் தரம் பிரித்த பிறகுதான் பணம். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தரக் கையேடு குலைகளை வகை பிரிக்கிறது. பழங்கள் உதிர்ந்த புதுக்குழி குறைந்தது பத்து இருந்தால் பழுத்த குலை, அதற்குக் குறைந்தால் அரைப்பழம், ஒன்றும் உதிராவிட்டால் காய். காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் அதற்குத் தனிக் கழிவு. அழுகல், வெறுங்குலை, சிறுகுலை என்று பட்டியல் நீள்கிறது. இதற்கு மேல் ஒவ்வோர் ஆலையும் சிறு தோட்டக்காரர்களோடும் முகவர்களோடும் தனித்தனியே பேசி வைத்திருக்கும் ஏற்பாடுகள் வேறு.

தொடக்கத்தில் கான்ஃபிக் கோப்பில் இரண்டே வரி இருக்கும்: காய்க்கு இவ்வளவு கழிவு, நீண்ட காம்புக்கு இவ்வளவு. அடுத்த மாதம் மேலாளர் வருகிறார். காய் இத்தனை விழுக்காட்டைத் தாண்டினால் மட்டும் கழிவைக் கூட்டு என்கிறார். கோப்பில் “தாண்டினால்” என்பதற்கு ஒரு குறியீடு முளைக்கிறது. பிறகு மழைக்காலத்துக்கு வேறு விதி, தேதிக்கு ஒரு குறியீடு. பிறகு இரண்டு விதி மோதினால் எது முந்தும் என்று ஒரு குறியீடு. மூன்றாம் ஆண்டில் அந்தக் கோப்பைப் படிக்கும் சி பகுதிதான் மொத்த நிரலிலேயே பெரிய பகுதியாக இருக்கும். அதன் இலக்கணம் எழுதியவருக்கு மட்டும் தெரியும், அவரும் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போயிருப்பார். பெரிதாக வளர்ந்த எந்தச் சி நிரலுக்குள்ளும் அரைகுறையாக எழுதிய, பிழை மலிந்த ஒரு லிஸ்ப் ஒளிந்திருக்கும் என்று பிலிப் கிரீன்ஸ்பன் கிண்டலாக ஒரு விதி சொன்னார். கான்ஃபிக் போதும் என்பவர்களும் இன்டர்பிரெட்டர் எழுதுகிறவர்கள்தான். எழுதுவது அவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

அதே எடைமேடையில் லூவாவை வைத்துப் பாருங்கள். தராசைப் படிப்பது, காட்சிப் பலகை, சீட்டு அச்சிடுவது, தரவைச் சேமிப்பது எல்லாம் சி. விதிக் கோப்பு ஒரு சின்ன ஃபங்ஷன். நிகர எடையும் வகைவாரி எண்ணிக்கையும் உள்ளே வரும், கழிவு வெளியே போகும். ஏழெட்டு வரி. ஆலையின் இளம் எஞ்சினியரோ கணக்கில் கெட்டியான கிராணியோ அதைப் படித்து, திருத்தி, நேற்றைய சீட்டுகளின் மேல் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு ஏற்றலாம். நள்ளிரவில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும்போது புதுக் கோப்பில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தாலும் மேடை நிற்காது. தாய் நிரல் பழைய விதியிலேயே ஓடிக்கொண்டு, இன்ன வரியில் பிழை என்று திரையில் காட்டும்.

இதில் சட்டமும் இருக்கிறது. வணிகத்துக்குப் பயன்படும் எடைக்கருவியை 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டப்படி சோதித்து முத்திரை வாங்க வேண்டும். எடையை அளக்கும் பகுதியும் பேரம் பேசும் பகுதியும் ஒரே சி நிரலுக்குள் பின்னிக்கிடந்தால், விலை விதி மாறும்போதெல்லாம் அளவைப் பகுதியையும் தொட்டாக வேண்டும். “இப்போது செயற்கை நுண்ணறிவே சி-யைத் திருத்திக் கொடுத்துவிடுகிறதே, ஸ்கிரிப்ட் எதற்கு?” என்று கேட்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை. வரியை எழுதுவது ஒருநாளும் பெரிய வேலையாக இருந்ததில்லை. திருத்திய பிறகு எதையெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும் என்பதில்தான் செலவு. திருத்துவது இயந்திரமானால், அதன் கை எட்டும் எல்லையை இன்னும் குறுக்கி வைப்பதுதான் விவேகம்.

உள்ளே வைத்த இன்டர்பிரெட்டரே ஓட்டையாகிவிடும் என்ற பாதுகாப்பு வாதத்தைத் தள்ளிவிட முடியாது. 2025 அக்டோபரில் வெளியான ரெடிஸ் ஓட்டை எல்லோருக்கும் நினைவிருக்கும். உள்ளே இருந்த லூவாவில் சுமார் 13 ஆண்டுகளாகக் கிடந்த நினைவகப் பிழை. திட்டமிட்டு எழுதிய ஒரு ஸ்கிரிப்டால் அறையை உடைத்துக்கொண்டு வெளியே வர முடிந்தது. கடுமை அளவில் பத்துக்குப் பத்து. அதற்கு முன் 2019 ஜூலை 2-இல், வலைத்தளங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் கிளவுட்ஃபிளேர் அரை மணிநேரம் போல முடங்கியது. லூவாவில் ஓடிய அதன் தடுப்புச் சுவரில் புதிதாகச் சேர்த்த ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், உலகெங்கும் இருந்த அதன் சர்வர்களின் சிபியுவை விழுங்கிவிட்டது.

இரண்டையும் கூர்ந்து பார்த்தால் குற்றவாளி வேறு. ரெடிஸ் செய்த அடிப்படைத் துணிச்சல், நெட்வொர்க் வழியாக இணைகிறவர்கள் அனுப்பும் ஸ்கிரிப்டை ஓட்ட ஒப்புக்கொண்டது. கடவுச்சொல்கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ரெடிஸ்களுக்கு ஆபத்து பலமடங்கானது. கிளவுட்ஃபிளேரில் சிபியுவைக் காக்க இருந்த தடுப்பு சில வாரங்களுக்கு முன் வேறு சீரமைப்பின்போது தவறுதலாக அகற்றப்பட்டிருந்தது. புது விதியும் படிப்படியாகப் போகாமல் உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் போனது. இதை அந்த நிறுவனமே விளக்கி எழுதியது. அதன் பிறகும் அவர்கள் விதிகளை விட்டுவிடவில்லை, ரெகுலர் எக்ஸ்பிரஷன் இயக்கியைத்தான் மாற்ற முடிவு செய்தார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தவில்லை.

இதில் பாடமும் இருக்கிறது. லூவாவின் ஹூக் லூவா கட்டளைகளைத்தான் எண்ணும். உள்ளிருந்து கூப்பிட்ட ஒரு சி ஃபங்ஷன் நீண்டுகொண்டே போனால் அதை எட்டாது. ஆகவே ஸ்கிரிப்டுக்கு எந்த ஃபங்ஷனைக் கொடுப்பது என்பதை ஒவ்வொன்றாக யோசித்துக் கொடுக்க வேண்டும். கோப்பைத் திறக்கும் லைப்ரரியும் இயங்குதளத்தைத் தொடும் லைப்ரரியும் எடைமேடைக்கு வேண்டாம், ஏற்றாதீர்கள். இப்படி ஒவ்வொன்றாக மறுக்கும் வசதி வீட்டுக்காரருக்குத்தான் உண்டு. பைத்தானை மேலே வைத்துவிட்டு, “கோப்பைத் தொடாதே” என்று கீழேயிருந்து சி சொன்னால் யார் கேட்பார்கள்? பைத்தானில் ஆயிரக்கணக்கான லைப்ரரிகள் தயாராக இருக்கின்றன என்று பெருமைப்படுகிறார்களே, விதி எழுதும் இடத்தில் அதுவே ஆயிரக்கணக்கான திறந்த கதவு.

வெப்அசெம்பிளி வந்துவிட்டது, லூவா பழசு என்கிறவர்களும் உண்டு. வரட்டும். தாய் நிரலுக்குள் ஒரு சிறு இயக்கியை வைத்து, அதன் நினைவகத்துக்கு எல்லை கட்டி, கொடுத்த ஃபங்ஷனை மட்டும் கூப்பிட விடுவதற்குப் பெயரும் உட்பதித்தல்தான். லினக்ஸ் கெர்னல் மிகப் பெரிய ஒரு சி நிரல். வெளியிலிருந்து வரும் சிறு நிரல்களைச் சரிபார்த்து ஓட்டும் பிபிஎஃப் இயக்கி அதற்குள்ளேயே இருக்கிறது. குடியிருக்க வருகிறவரின் பெயர் மாறலாம், ஏற்பாடு மாறவில்லை.

இவ்வளவு நேரம் இயந்திரத்தின் பக்கம் நின்று பேசினேன். மனிதர் பக்கம்தான் எனக்கு முக்கியம். லூவா பிறந்த கதையே அதுதான். 1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபெர்த்தோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்றிக் டி ஃபிகெய்ரேதோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவர் அதை உருவாக்கினார்கள். பிரேசில் எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸின் எஞ்சினியர்களுக்காக அவர்கள் முன்பு செய்திருந்த இரண்டு சிறுமொழிகள் ஒன்றாகி லூவா ஆயின. பயன்படுத்துகிறவர்கள் தொழில்முறை நிரலர்கள் அல்லர், எண்ணெய்த் தொழில் தெரிந்தவர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர்கள் நிரலரின் வாசலில் நிற்கக் கூடாது என்பதே நோக்கம். அவர்கள் எண்ணெய் மண்ணுக்குள்ளிருந்து வந்தது, நம்முடையது மரத்திலிருந்து வருகிறது. தேவை ஒன்றே.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான சாட்சி இருக்கிறது. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்கிறவர்களில் பலர் தங்களுக்குத் தெரியாமலே இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். பின்னால் வேலை செய்வது எம்17என் என்ற சி லைப்ரரி. ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வு நிறுவனத்தில் உருவானது. அதற்குள் எந்த மொழியின் விசை விதியும் எழுதப்படவில்லை. மாறி, நிபந்தனை, நிலைமாற்றம் கொண்ட ஒரு சிறுமொழியைப் படித்து நடத்தத்தான் அதற்குத் தெரியும். தமிழ்99-இன் விதிகள் ஒரு தனி உரைக்கோப்பில் இருக்கின்றன. அந்த விதிகளோ எளிதானவை அல்ல. ஒரே மெய் இரண்டுமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும், க-வை இருமுறை அடித்தால் ‘க்க’. ஆனால் ‘பப்பாளி’ என்று அடிக்க முதல் ப-வுக்குப் பின் அ விசையை அழுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் சொல் தொடக்கத்திலேயே புள்ளி விழுந்துவிடும். மெல்லினத்துக்குப் பின் அதன் வல்லினம் வந்தால் அங்கேயும் புள்ளி. இதை எல்லாம் சி-க்குள் எழுதியிருந்தால் புள்ளி ஒன்று தப்பிய ஒவ்வொரு முறையும் தமிழ் தெரியாத நிரலருக்கு நாம் பாடம் நடத்த வேண்டியிருக்கும். இப்போது தமிழ் தெரிந்தவர் கோப்பைத் திறந்து வரியைத் திருத்திக்கொள்ளலாம். சி எழுதியவருக்குத் தமிழ் தெரிய வேண்டாம், தமிழைத் திருத்துகிறவருக்குச் சி தெரிய வேண்டாம்.

இது வெறும் அட்டவணை, நிரல்மொழி ஆகாது என்று மறுப்பவர்கள் உண்டு. முந்தைய விசையைப் பார்த்து அடுத்த விசையின் பொருளை மாற்றும் அட்டவணையை எந்தக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தார்கள்?

ஆக, என் வாதத்தின் எல்லை தெளிவு. நிரலின் உயிர் தரவை அலசுவதில் இருந்தால் பைத்தானை மேலே வையுங்கள். நேரத்தையும் நினைவகத்தையும் இயந்திரத்தையும் தன் கையில் பிடித்திருக்கும் சி நிரலானால், அதன் கையிலிருந்து எதையும் பிடுங்காதீர்கள். மாறக்கூடிய விதிகளை மட்டும் உள்ளே ஒரு சிறு இன்டர்பிரெட்டரிடம் கொடுங்கள். நினைவகத்துக்கு எல்லை, கட்டளைக்கு எல்லை, ஃபங்ஷன்களுக்குக் கணக்கு, ஒவ்வொரு அழைப்பும் பிழை தாங்கும் அழைப்பு, புது விதி தோற்றால் பழைய விதி என்ற ஐந்தும் இல்லாமல் உட்பதிக்கிறவர்களை நீங்கள் திட்டலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களுக்கு: பைத்தானிலிருந்து சி-யைக் கூப்பிடும் பயிற்சி கொடுக்கிறீர்கள், நல்லது. சி-யிலிருந்து லூவாவைக் கூப்பிடும் பயிற்சியும் ஒரு வாரம் கொடுங்கள். செடெனாக்கில் சர்வர் பார்க்கப் போகும் பிள்ளைக்கும் பக்கத்துச் செனாயில் இயந்திரம் பார்க்கப் போகும் பிள்ளைக்கும் இரண்டாவதுதான் முதலில் கைகொடுக்கும்.

ஆலைக்கு இயந்திரம் வாங்குகிறவர்களுக்கு: விற்க வருகிறவரிடம் திரையின் அகலத்தைக் கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள். விதி மாறினால் எங்கள் ஆளே மாற்றிக்கொள்ள முடியுமா, அல்லது ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் பணம் கட்டிக் காத்திருக்க வேண்டுமா? இரண்டாவதுதான் பதில் என்றால், அந்தக் காத்திருப்பின் செலவை இன்றே விலையில் கழித்துக்கொண்டு பேரத்தைத் தொடங்குங்கள்.